ஆர்கைவில் இருந்து வேண்டிய ஃபோல்டரை மட்டும் எடுப்பது எப்படி: டெர்மினல் வழி

40 ஜிபி பேக்கப் ஒன்று, பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டிச் சுருக்கிய ஆர்கைவ் ஃபைலாக இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது அதற்குள் எங்கோ கிடக்கும் ஒரே ஒரு ஃபோல்டர். முழுவதையும் விரித்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அழித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் விரித்தால் 40 ஜிபி என்பது 90 ஜிபி ஆகலாம், டிஸ்கில் அவ்வளவு இடம் இல்லாமல் போகலாம். இடம் இருந்தாலும், லட்சக்கணக்கான குட்டி ஃபைல்களை எழுதி உடனே அழிப்பது வீண் வேலை. தொலைவில் இருக்கும் சர்வரில் உட்கார்ந்திருந்தால் மவுஸ் வைத்து இழுக்கவும் வழியில்லை. கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் டெர்மினலில் இது ஒரு வரி வேலை. அந்த ஒரு வரியைச் சரியாக எழுதத்தான் இந்த வழிகாட்டி.

கட்டளைகளை இங்கே வாயால் சொல்வதுபோலத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். ஆர்கைவ் செய்யவும் விரிக்கவும் உதவும் டார் என்ற கட்டளை டி, ஏ, ஆர் என்ற மூன்று எழுத்து. -டிஎஃப் என்றால் ஒரு சிறு கோடு, அதை ஒட்டி டி, எஃப். ஆப்ஷன் எழுத்துகள் எல்லாமே சிறிய எழுத்துதான். பெரிய எழுத்து வரும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன். ஃபோல்டர் பெயர்களை மட்டும் தமிழிலேயே வைத்திருக்கிறேன், ஏனென்றால் கணினியும் அவற்றைத் தமிழிலேயே ஏற்றுக்கொள்ளும்.

முதலில் பட்டியல், பிறகுதான் எல்லாம்

எந்த ஆர்கைவாக இருந்தாலும் முதல் வேலை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. எதையும் விரிக்காமல் பட்டியலை மட்டும் காட்டும் கட்டளை இது:

டார் -டிஎஃப் காப்பு.டார்.ஜிஇசட்

டி என்பது பட்டியல் கேட்கும் எழுத்து. எஃப் என்பது "அடுத்து வருவது ஃபைலின் பெயர்" என்று சொல்வது. அதனால் எஃப் எப்போதும் கடைசியில் வர வேண்டும். -டிஎஃப்வி என்று மாற்றித் தட்டினால் வி என்ற பெயரில் ஒரு ஆர்கைவைத் தேடிப்போய், அப்படி ஒன்று இல்லை என்று திரும்பி வரும். அளவு, தேதியும் வேண்டும் என்றால் -டிவிஎஃப்.

பெரிய ஆர்கைவில் பட்டியல் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். அதை ஒரு முறை ஃபைலில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்:

டார் -டிஎஃப் காப்பு.டார்.ஜிஇசட் > பட்டியல்.டிஎக்ஸ்டி

இந்த ஒரு பழக்கம் நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும். டார்.ஜிஇசட் ஃபைலின் பட்டியலை எடுக்கவே முழு ஃபைலையும் படித்தாக வேண்டும், காரணம் கீழே வருகிறது. பட்டியல் கையில் இருந்தால், வரிகளில் சொல் தேடும் கிரெப் கட்டளையைக் கொண்டு தேடல் எல்லாம் அந்தச் சின்ன ஃபைலிலேயே முடிந்துவிடும்:

கிரெப் "படங்கள்" பட்டியல்.டிஎக்ஸ்டி

ஃபோல்டர்களின் பெயர்கள் மட்டும் போதும் என்றால், சாய்கோட்டில் முடியும் வரிகளைக் கேளுங்கள். கிரெப் "/$" பட்டியல்.டிஎக்ஸ்டி என்று தட்டினால் போதும். டாலர் குறிக்கு வரியின் முடிவு என்று பொருள்.

உள்ளே ஃபோல்டர் என்று ஒன்று இல்லை

புதியவர்களைக் குழப்பும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயம் பிடிபடாததால் வருகின்றன. நம் டிஸ்கில் ஃபோல்டர் என்பது தனக்குள் ஃபைல்களை வைத்திருக்கும் இடம். ஆர்கைவுக்குள் அப்படி இல்லை. அங்கே இருப்பது வரிசையாக அடுக்கிய ஃபைல்கள். ஒவ்வொன்றின் மேலும் அதன் முழு வழியும் பெயராக எழுதப்பட்டிருக்கும். பட்டியலில் இப்படிப் பார்ப்பீர்கள்:

திட்டம்/
திட்டம்/கணக்கு/
திட்டம்/கணக்கு/2023.சிஎஸ்வி
திட்டம்/படங்கள்/
திட்டம்/படங்கள்/முகப்பு.பிஎன்ஜி
திட்டம்/படங்கள்/சிறியவை/
திட்டம்/படங்கள்/சிறியவை/முகப்பு.பிஎன்ஜி

இங்கே "படங்கள்" என்ற பெயரில் எதுவுமே கிடையாது. "திட்டம்/படங்கள்" என்ற பெயர்தான் உண்டு. ஆகவே நீங்கள் கேட்பது ஒரு ஃபோல்டரை அல்ல. "இப்படித் தொடங்கும் பெயர் கொண்ட எல்லாவற்றையும் கொடு" என்றுதான் கேட்கிறீர்கள். பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பட்டியலில் இருப்பதை அப்படியே காப்பி செய்து ஒட்டுவதுதான் பாதுகாப்பான வழி.

சில ஆர்கைவ்களில் ஒவ்வொரு பெயரும் ஒரு புள்ளியும் சாய்கோடும் கொண்டு தொடங்கும்: ./திட்டம்/படங்கள்/ என்று. ஆர்கைவைச் செய்தவர் அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு "இங்கே இருப்பது எல்லாம்" என்ற பொருளில் ஒற்றைப் புள்ளியைக் கொடுத்திருப்பார். அப்போது நீங்களும் ./ சேர்த்தே கேட்க வேண்டும். சேர்க்காவிட்டால் லினக்ஸில் உள்ள குனு டார் "நாட் ஃபவுண்ட் இன் ஆர்கைவ்" என்று சொல்லிவிடும். அந்தச் செய்தியைப் பார்த்ததும் ஆர்கைவ் கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். பத்தில் ஒன்பது முறை பெயர்தான் பிசகியிருக்கும்.

டாரில் ஒரு ஃபோல்டரை எடுப்பது

டார் -எக்ஸ்எஃப் காப்பு.டார்.ஜிஇசட் "திட்டம்/படங்கள்"

அவ்வளவுதான். எக்ஸ் என்பது விரிக்கச் சொல்லும் எழுத்து. பெயரைக் கொடுத்ததும் அதற்குக் கீழே இருக்கும் துணை ஃபோல்டர்கள் உட்பட எல்லாம் வரும். ஜிஜிப், பிஜிப்2, எக்ஸ்இசட் என எந்த முறையில் சுருக்கியிருந்தாலும் இன்றைய டார் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். பழைய குறிப்புகளில் -எக்ஸ்இசட்எஃப், -எக்ஸ்ஜேஎஃப் என்றெல்லாம் பார்ப்பீர்கள். ஃபைலில் இருந்து விரிக்கும்போது அந்தக் கூடுதல் எழுத்து தேவையில்லை.

இரண்டு மூன்று ஃபோல்டர்கள் வேண்டும் என்றால் ஒரே கட்டளையில் அடுத்தடுத்துக் கொடுங்கள்:

டார் -எக்ஸ்எஃப் காப்பு.டார்.ஜிஇசட் "திட்டம்/படங்கள்" "திட்டம்/கணக்கு"

தனித்தனியாக ஓட்டினால் ஒவ்வொரு முறையும் 40 ஜிபியையும் முதலில் இருந்து படிக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். விரல் தவறி எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் சி விழுந்தால், டார் புதிய ஆர்கைவ் செய்யக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளும். பழைய காப்பு ஃபைலின் மேலேயே எழுதிவிடும், கேள்வி எதுவும் கேட்காது. கீபோர்டில் எக்ஸும் சியும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை மறக்க வேண்டாம். ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது என்றால், வேலை தொடங்கும் முன் அதை எழுத முடியாதபடி பூட்டிவிடுங்கள்:

சிஹெச்மாட் ஏ-டபிள்யூ காப்பு.டார்.ஜிஇசட்

எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் பயனராக இருந்தால் இந்தப் பூட்டு காப்பாற்றாது. ஆகவே ஆர்கைவ் வேலையைச் சாதாரணப் பயனராக நின்றே செய்யுங்கள்.

பெயர் முழுதாகத் தெரியவில்லை, அல்லது "சிறியவை" என்ற ஃபோல்டர் பல இடங்களில் இருக்கிறது, அத்தனையும் வேண்டும். அதற்கு நட்சத்திரக் குறி. குனு டாரில் அதைத் தனியாகச் சொல்லி இயக்க வேண்டும்:

டார் -எக்ஸ்எஃப் காப்பு.டார்.ஜிஇசட் --வைல்ட்கார்ட்ஸ் "*/சிறியவை/*"

மேக்கிலும் விண்டோஸிலும் இருப்பது டாரின் இன்னொரு வகையான பிஎஸ்டி டார். அங்கே --வைல்ட்கார்ட்ஸ் இல்லாமலே நட்சத்திரம் வேலை செய்யும். விண்டோஸில் டாரா என்று கேட்காதீர்கள். விண்டோஸ் 10-இன் 2018-ஆம் ஆண்டு 1803 பதிப்பில் இருந்து அது கூடவே வருகிறது. எங்கே தட்டினாலும் நட்சத்திரம் இருக்கும் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் லினக்ஸ், மேக் டெர்மினலில் நீங்கள் தட்டுவதைப் படித்து இயக்கும் ஷெல் அந்த நட்சத்திரத்தை டாருக்குக் கொண்டுபோகும் முன்பே, தற்போதைய ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்களோடு பொருத்திப் பார்த்துவிடும்.

வேண்டாததைத் தவிர்ப்பதும் இதே போலத்தான். படங்கள் வேண்டும், அதற்குள் இருக்கும் சிறியவை வேண்டாம் என்றால்:

டார் -எக்ஸ்எஃப் காப்பு.டார்.ஜிஇசட் --எக்ஸ்க்ளூட்="திட்டம்/படங்கள்/சிறியவை" "திட்டம்/படங்கள்"

எங்கே விரியும்?

நீங்கள் நிற்கும் ஃபோல்டரில். அங்கே அதே பெயரில் ஏற்கெனவே ஃபைல்கள் இருந்தால் டார் அவற்றின் மேலேயே எழுதிவிடும். பழைய பேக்கப்பில் இருந்து ஒரு ஃபோல்டரை எடுக்கப் போய், இன்று மாற்றிய ஃபைல்களை இழப்பது இப்படித்தான். ஆகவே காலியான ஒரு ஃபோல்டரைச் செய்து அதற்குள் விரிப்பதையே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இலக்கைச் சொல்ல, பெரிய எழுத்து சி:

எம்கேடிர் மீட்பு
டார் -எக்ஸ்எஃப் காப்பு.டார்.ஜிஇசட் -சி மீட்பு "திட்டம்/படங்கள்"

"மீட்பு" என்ற ஃபோல்டர் முன்பே இருக்க வேண்டும். டார் அதைத் தானாக உருவாக்காது. -சி எங்கே வருகிறது என்பதும் முக்கியம். "இந்த இடத்துக்குப் போ, பிறகு அடுத்து வரும் பெயர்களை விரி" என்று டார் அதைப் படிக்கிறது. ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் போட்டால், அந்தப் பெயருக்கு அது பொருந்தாது; நிற்கும் இடத்திலேயே விரிந்துவிடும்.

இப்போது மீட்பு/திட்டம்/படங்கள்/ என்று முழு வழியோடும் வந்திருக்கும். முன்னால் இருக்கும் "திட்டம்" வேண்டாம் என்றால்:

டார் -எக்ஸ்எஃப் காப்பு.டார்.ஜிஇசட் -சி மீட்பு --ஸ்ட்ரிப்-காம்போனன்ட்ஸ்=1 "திட்டம்/படங்கள்"

முன்பக்கத்தில் இருந்து எத்தனை அடுக்குகளை வெட்ட வேண்டும் என்பதுதான் அந்த எண். தேடும் பெயரை மட்டும் முழுதாகவே கொடுக்க வேண்டும். வெட்டுவது கண்டுபிடித்த பிறகுதான் நடக்கும். எண்ணைக் கூட்டிப் போட்டுவிட்டால், வெட்டியதும் பெயரே மிஞ்சாத ஃபைல்கள் சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும். அதனால் 3, 4 என்று போடும் முன் பட்டியலில் சாய்கோடுகளை எண்ணிப் பாருங்கள்.

ஜிப் ஃபைல்கள்

ஜிப்பின் அமைப்பே வேறு. 1989-இல் ஃபில் கட்ஸ் கொண்டுவந்த இந்த வடிவத்தில் ஒவ்வொரு ஃபைலும் தனித்தனியாகச் சுருக்கப்படுகிறது. எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ஃபைலின் கடைசியில் இருக்கிறது. ஜிப்பை விரிக்கும் அன்ஜிப் கட்டளை நேராக அந்த அட்டவணையைப் படித்து, வேண்டிய இடத்துக்குத் தாவிவிடும். எவ்வளவு பெரிய ஜிப்பாக இருந்தாலும் ஒரு சின்ன ஃபோல்டர் கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடுவது இதனால்தான்.

டாரின் கதை அப்படியல்ல. டேப் ஆர்கைவ் என்பதன் சுருக்கமே அந்தப் பெயர். காந்த நாடாவில் ஒன்றன் பின் ஒன்றாக எழுதுவதற்காக 1979-ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் வந்தது. நாடாவில் தாவ முடியாது, அதனால் அட்டவணையும் இல்லை. ஜிஜிப் அந்த முழு வரிசையையும் ஒரே நீளமான ஓட்டமாகச் சுருக்குகிறது. நடுவில் இருக்கும் ஒன்றை எடுக்க, அதற்கு முன்னால் இருப்பதை எல்லாம் விரித்துப் படித்துத்தான் போக வேண்டும். கேட்டது கிடைத்த பிறகும் டார் நிற்காது. அதே பெயரில் புதிய பிரதி ஒன்று பின்னால் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்று கடைசி வரை போய்ப் பார்க்கும். திரை அசையாமல் நிற்கிறதே என்று கன்ட்ரோல் சி அழுத்திவிடாதீர்கள்.

ஜிப்பில் பட்டியல் பார்க்க:

அன்ஜிப் -எல் காப்பு.ஜிப்

ஃபோல்டரை எடுக்க:

அன்ஜிப் காப்பு.ஜிப் "திட்டம்/படங்கள்/*" -டி மீட்பு

கடைசியில் இருக்கும் சாய்கோடும் நட்சத்திரமும் கட்டாயம். டாரைப் போல வெறும் ஃபோல்டர் பெயரைக் கொடுத்தால் "ஃபைல்நேம் நாட் மேட்ச்டு" என்று சொல்லும். சாய்கோட்டை மட்டும் சேர்த்தால் காலி ஃபோல்டர் ஒன்றைச் செய்துவிட்டு முடித்துக்கொள்ளும். பெயர்களை மட்டுமே ஒப்பிடுகிறது என்று மேலே சொன்னது நினைவிருந்தால் காரணம் விளங்கும். இங்கே நட்சத்திரம் சாய்கோட்டையும் தாண்டிப் பொருந்தும், ஆகவே "சிறியவை"க்குள் இருப்பதும் சேர்ந்தே வரும். இங்கே -டி என்பது டாரில் வந்த டி அல்ல, டைரக்டரியின் முதல் எழுத்து; அதில் கொடுத்த ஃபோல்டர் இல்லாவிட்டால் அன்ஜிப் தானாகச் செய்துகொள்ளும்.

ஒரே பெயரில் ஃபைல் இருந்தால் அன்ஜிப் ஒவ்வொன்றுக்கும் நின்று கேட்கும். கேட்காமல் பழையதை விட்டுவிட -என். கேட்காமல் மேலே எழுத -ஓ. யோசிக்காமல் -ஓ போடுவதை விட, -என் போடுவது நல்லது.

முன்னால் இருக்கும் அடுக்குகளை வெட்ட அன்ஜிப்பில் வழி இல்லை. -ஜே என்று ஒன்று உண்டு; அது வழியை முழுவதுமாகத் தூக்கிவிட்டு எல்லா ஃபைல்களையும் ஒரே இடத்தில் கொட்டிவிடும். நம் பட்டியலில் முகப்பு.பிஎன்ஜி இரண்டு இடங்களில் இருக்கிறது. -ஜே போட்டால் அவை இரண்டும் மோதும். மேக்கிலும் விண்டோஸிலும் இதற்கு நல்ல மாற்று இருக்கிறது: பிஎஸ்டி டார் ஜிப்பையும் படிக்கும், ஆகவே மேலே சொன்ன ஸ்ட்ரிப் ஆப்ஷனை ஜிப்பிலும் பயன்படுத்தலாம். குனு டார் ஜிப்பைப் படிக்காது. உபுண்டு, டெபியனில் லிப்ஆர்கைவ்-டூல்ஸ் என்ற பேக்கேஜை நிறுவினால் பிஎஸ்டிடார் என்ற பெயரில் அது கிடைக்கும்.

கடவுச்சொல் போட்ட ஜிப் சிலவற்றில், அன்ஜிப் "நீட் பிகே கம்பாட். வி5.1" என்று மறுத்துவிடும். ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையில் பூட்டியதை 2009-இல் வெளியான அன்ஜிப் 6.0-க்குத் திறக்கத் தெரியாது. அடுத்து வரும் 7இசட் கட்டளை திறந்துவிடும்.

7இசட்

பட்டியலுக்கு 7இசட் எல். விரிக்க:

7இசட் எக்ஸ் காப்பு.7இசட் "திட்டம்/படங்கள்" -ஓமீட்பு

-ஓ என்பதற்கும் ஃபோல்டர் பெயருக்கும் நடுவே இடைவெளி விடக் கூடாது. எக்ஸ் என்ற இடத்தில் ஈ போட்டால் வழிகள் எல்லாம் போய், ஃபைல்கள் ஒரே குவியலாக வந்து விழும். எக்ஸ் மட்டும் பழகினால் போதும்.

தமிழ்ப் பெயர் இருந்தால்

இதை நம்மவர்கள் எழுதிய வழிகாட்டியில்தான் சொல்ல முடியும். பட்டியலில் தமிழ்ப் பெயர் வர வேண்டிய இடத்தில் \340\256\225 என்று எண்கள் வருகிறதா? ஃபைல் கெடவில்லை. அது "க" என்ற எழுத்தின் மூன்று பைட்டுகள். சர்வரின் மொழி அமைப்பு, தமிழ் எழுத்தையும் காட்டக்கூடிய யூடிஎஃப்-8 ஆக இல்லாததால் குனு டார் எண்ணாகக் காட்டுகிறது. --க்வோட்டிங்-ஸ்டைல்=லிட்டரல் என்று சேர்த்தால் எழுத்தாகவே தரும்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. "கோப்புகள்" என்பதில் இருக்கும் "கோ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: "க"வோடு ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது "க"வோடு இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றேபோல இருக்கும். பைட்டுகள் வேறு. பழைய மேக்குகளின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் பெயர்களைப் பிரித்தே வைத்திருந்தது. நம் கீபோர்டுகள் பொதுவாகச் சேர்த்தே எழுதுகின்றன. அப்படிப்பட்ட மேக்கில் செய்த ஆர்கைவில் "கோப்புகள்" என்று நீங்கள் எவ்வளவு சரியாகத் தட்டினாலும் "நாட் ஃபவுண்ட்" என்றே வரும். ஒ, ஓ, ஔ குறிகள் வரும் எல்லாப் பெயருக்கும் இது பொருந்தும். பட்டியலில் இருந்து காப்பி செய்து ஒட்டிப் பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் அந்த எழுத்தின் இடத்தில் நட்சத்திரம் போட்டு "*ப்புகள்/*" என்று கேளுங்கள்.

யாரோ அனுப்பிய ஆர்கைவ் என்றால்

பட்டியலில் ../ என்று தொடங்கும் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை நீங்கள் விரிக்கும் ஃபோல்டருக்கு வெளியே போய் எழுதப் பார்ப்பவை. டாரும் அன்ஜிப்பும் வழக்கமாக அவற்றைத் தடுத்துவிடும், இருந்தாலும் அப்படி ஒரு பெயர் கண்ணில் பட்டாலே அந்த ஆர்கைவை விட்டுவிடுவது நல்லது. அளவையும் பாருங்கள்: அன்ஜிப் -எல் கடைசி வரியில் விரித்த பிறகு வரும் மொத்த அளவைச் சொல்லும். 42 கிலோபைட் ஜிப் ஒன்று அடுக்கடுக்காக விரிந்து 4.5 பெட்டாபைட் ஆகும்படி செய்யப்பட்டதே உண்டு.

எல்லாம் வந்ததா?

ஆர்கைவை அழிக்கும் எண்ணம் இருந்தால், அதற்கு முன் எண்ணிப் பாருங்கள். பட்டியலில் அந்த ஃபோல்டருக்குக் கீழே எத்தனை ஃபைல் என்பதை இது சொல்லும்:

கிரெப் "^திட்டம்/படங்கள்/" பட்டியல்.டிஎக்ஸ்டி | கிரெப் -விசி "/$"

டிஸ்கில் எத்தனை வந்திருக்கிறது என்பதை இது சொல்லும். ஸ்ட்ரிப் போட்டு எடுத்திருந்தால் வழியில் "திட்டம்" இருக்காது, அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

ஃபைண்ட் மீட்பு/திட்டம்/படங்கள் -டைப் எஃப் | டபிள்யூசி -எல்

இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். குறைந்தால் முதலில் சிம்லிங்க்குகளை, அதாவது வேறொரு ஃபைலைச் சுட்டிக்காட்டும் இணைப்புகளை, சந்தேகியுங்கள். -டைப் எஃப் அவற்றை எண்ணாது. அதுவும் இல்லை என்றால் ஜிஜிப் -டி காப்பு.டார்.ஜிஇசட், ஜிப்பாக இருந்தால் அன்ஜிப் -டி காப்பு.ஜிப் என்று தட்டி ஆர்கைவையே சோதித்துப் பாருங்கள். இரண்டிலும் சிறிய டி எழுத்துதான், சோதனையைக் குறிக்கும் டெஸ்ட்டின் முதல் எழுத்து. அன்ஜிப்பில் இலக்குக்குப் போட்ட டி, டைரக்டரியின் முதல் எழுத்து, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜிஜிப் எதுவும் சொல்லாமல் முடித்துக்கொண்டால் ஆர்கைவ் நன்றாக இருக்கிறது என்று பொருள்.